யார் சொன்னது? – செய்தி வெளியீடு பற்றிய ஒரு கட்டுரையை ஊர்கூடிச் செம்மை செய்வது



அழைப்பிதழில் தலைப்பைப் பார்த்துவிட்டு ஒரு நண்பர் கேட்டார்: "ஏன் சார், உங்களுக்கு வேறு விஷயமே கிடைக்கவில்லையா?" அவர் கேட்டதில் நியாயம் இருக்கிறது. விக்கிப்பீடியாவில் எழுதுவதற்கு ஏரிகள் இருக்கின்றன, கூத்துகள் இருக்கின்றன, மறந்துபோன மனிதர்கள் இருக்கிறார்கள். அதையெல்லாம் விட்டுவிட்டு, பத்திரிகை அலுவலகத்துக் குப்பைக் கூடையில் அன்றாடம் விழுகிற பிரஸ் ரிலீஸைப் பற்றி ஒரு கட்டுரை. அந்தக் கட்டுரையை நாலு பேர் சேர்ந்து எப்படிச் செம்மை செய்வது என்று ஒரு சொற்பொழிவு!

ஆனாலும் அதைத்தான் பேசப்போகிறேன். ஏன்? செய்தி வெளியீடு என்பது என்ன? ஒருவர் தன்னைப் பற்றித் தானே எழுதி, பிறர் எழுதியதுபோல அச்சாகட்டும் என்று அனுப்பிவைக்கும் தாள். கலைக்களஞ்சியம் என்பது என்ன? யாரும் தன்னைப் பற்றித் தானே எழுதக் கூடாத இடம். ஒன்றுக்கொன்று நேர்ப் பகை. அந்தப் பகையாளியைப் பற்றி இந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்து எழுத வேண்டும். அதுவும் நியாயமாக எழுத வேண்டும். இந்தக் கட்டுரையை ஒழுங்காகச் செம்மை செய்யக் கற்றுக்கொண்டவருக்கு வேறு எந்தக் கட்டுரையும் கடினமாக இராது. இன்றைக்கு நான் திரும்பத் திரும்பக் கேட்கப்போவது ஒரே கேள்விதான். யார் சொன்னது?

செய்தி வெளியீட்டைப் பார்த்திராத மாணவர்கள் இங்கே இருக்கலாம். தமிழக அரசின் செய்தி மக்கள் தொடர்புத் துறை அனுப்புவதை எடுத்துக்கொள்ளுங்கள். மேலே 'செய்தி வெளியீடு எண்' என்று ஓர் எண். பக்கத்தில் நாள். அமைச்சர் பெயர், விழா, திட்டம், மதிப்பீடு, கலந்துகொண்டவர்களின் பட்டியல். கடைசியில் 'வெளியீடு: இயக்குநர், செய்தி மக்கள் தொடர்புத் துறை, சென்னை-9'. இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள். யார் சொன்னது என்பதற்கு அந்தத் தாளே பதில் வைத்திருக்கிறது. இதில் ஒளிவு மறைவு ஏதும் இல்லை.

ஒளிவு மறைவு எங்கே தொடங்குகிறது? நான் நாளிதழ் ஒன்றின் செய்திப் பிரிவில் வேலை பார்த்தவன். மாலை நாலு மணிக்குமேல் பிரஸ் நோட்டுகள் வந்து குவியும். முதலில் கவரில் வந்தன, பிறகு ஃபேக்ஸில் வந்தன, பிறகு மின்னஞ்சலில், இப்போது வாட்ஸ்அப்பில். உதவி ஆசிரியர் அதைச் சுருக்கி, தலைப்புக் கொடுத்து, கடைசியில் ஒரு வரி சேர்ப்பார்: 'இவ்வாறு அந்தச் செய்திக்குறிப்பில் கூறப்பட்டுள்ளது.' தமிழ்ப் பத்திரிகை வாசகர்கள் எத்தனை ஆயிரம் முறை கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப்போன வரி! ஆனால் அந்தச் செய்தியிலேயே நேர்மையான வரி அதுதான். இரவு பக்கம் கட்டும்போது விளம்பரம் ஒன்று கூடுதலாக வந்து சேரும். இடம் போதாது. செய்தியை எங்கே வெட்டுவார்கள்? கீழிருந்து. முக்கியமானது மேலே, முக்கியமில்லாதது கீழே என்பதுதானே செய்தி எழுதும் முறை? முதலில் போவது அந்தக் கடைசி வரி. காலையில் வாசகர் கையில் இருப்பது நிறுவனத்தின் வாசகம். ஆனால் அது பத்திரிகையின் குரலில் பேசுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. ஒரு வரி காணாமல் போய்விட்டது, அவ்வளவுதான்.

இப்போது அந்த நறுக்கை ஒருவர் விக்கிப்பீடியாவுக்குக் கொண்டுவருகிறார். 'சான்று: இன்ன நாளிதழ், இன்ன தேதி' என்று போடுகிறார். நாளிதழ் நம்பத்தகுந்த சான்று அல்லவா? விதிப்படி சரி. ஆனால் யார் சொன்னது?

இது ஏதோ நம் ஊர்ச் சங்கதி என்று நினைக்காதீர்கள். பிரிட்டிஷ் பத்திரிகையாளர் நிக் டேவிஸ் 2008இல் 'ஃபிளாட் எர்த் நியூஸ்' என்று ஒரு புத்தகம் வெளியிட்டார். அதற்காகக் கார்டிஃப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரிட்டனின் மதிப்புமிக்க நாளிதழ்களில் வந்த செய்திகளை அலசினார்கள். அவற்றில் 60 விழுக்காடு முழுக்கவோ பெரும்பாலுமோ செய்தி முகமைகளின் பிரதி, அல்லது மக்கள் தொடர்புச் சரக்கு. நிருபர் தாமே திரட்டியது என்று உறுதியாகச் சொல்ல முடிந்தது 12 விழுக்காடு. பத்திரிகைக்காரனாக அந்தக் கணக்கைப் படித்தபோது எனக்குப் பெரிய வியப்பு ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சரி, வேலைக்கு வருவோம். நம் குழு விக்கிப்பீடியாவின் மணல்தொட்டியில், அதாவது சோதனைப் பக்கத்தில், வைத்திருக்கும் வரைவைப் பலரும் பார்த்திருப்பீர்கள். அதில் ஒரே ஒரு வாக்கியத்தை எடுத்து, அதை மட்டும் மேசையில் வைத்துப் பார்ப்போம்.

'உலகின் முதல் செய்தி வெளியீட்டை 1906ஆம் ஆண்டு அமெரிக்காவைச் சேர்ந்த ஐவி லீ எழுதினார்.'

அழகான வாக்கியம். ஆண்டு இருக்கிறது, நாடு இருக்கிறது, ஆள் இருக்கிறார். தேர்வில் எழுதினால் முழு மதிப்பெண். இதில் செம்மை செய்ய என்ன இருக்கிறது?

முதலில் நடந்ததைச் சொல்கிறேன். 1906 அக்டோபர் 28, ஞாயிற்றுக்கிழமை. நியூஜெர்சி மாநிலத்து அட்லாண்டிக் சிட்டிக்குப் போகும் மின்ரயில், படகுகளுக்காகத் திறந்து மூடும் பாலம் ஒன்றில் தடம் புரண்டு நீருக்குள் விழுந்தது. ஐம்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அந்தத் தடம் பென்சில்வேனியா ரயில்ரோடு நிறுவனத்தின் கட்டுப்பாட்டில் இருந்தது. அந்தக் காலத்து ரயில் நிறுவனங்களுக்கு விபத்து என்றால் வாயை மூடிக்கொள்ளும் வழக்கம். ஐவி லீ அந்த நிறுவனத்தின் ஆலோசகர். முன்பு நியூயார்க் பத்திரிகைகளில் நிருபராக இருந்தவர். நிருபர்கள் வாயை யாராலும் மூட முடியாது, நாமே முந்திக்கொண்டு சொல்லிவிடுவோம் என்பது அவர் கணக்கு. நிறுவனத்தின் அறிக்கையை எழுதிப் பத்திரிகைகளுக்குக் கொடுத்தார். நியூயார்க் டைம்ஸ் அக்டோபர் 30ஆம் தேதி அதை வரி மாறாமல் அச்சிட்டது.

இதுவரை தகராறு இல்லை. 'உலகின் முதல்' என்ற இரண்டு சொற்களில்தான் தகராறு. யார் சொன்னது?

தேடிப்பார்த்தால், பெரும்பாலும் மக்கள் தொடர்புத் துறையின் பாடநூல்கள் சொல்கின்றன. துறை தன் பிறப்பைப் பற்றித் தானே சொல்லிக்கொள்கிறது. விபத்து நேரத்தில் உண்மையைச் சொல்லத் துணிந்த ஒரு மனிதர், அதிலிருந்து பிறந்த ஒரு தொழில். எந்தத் தொழிலுக்குத்தான் இப்படி ஒரு பிறப்புக் கதை பிடிக்காது? செய்தி வெளியீட்டின் வரலாறே ஒரு செய்தி வெளியீடு போலத்தான் இருக்கிறது என்று சொன்னால் கொஞ்சம் குறும்பாக இருக்கும். ஆனால் பொய்யாக இராது.

இனிமேல்தான் ஊர்கூடும் வேலை. ஒருவர் வருகிறார். வாக்கியத்தை மாற்றுகிறார்: 'உலகின் முதல் செய்தி வெளியீடு என்று பல நூல்கள் இதைக் குறிப்பிடுகின்றன.' தொகுப்புச் சுருக்கத்தில் 'நடுநிலை' என்று ஒரு சொல் போட்டுவிட்டுப் போகிறார். நல்லது. உடனே இன்னொருவர் வருகிறார்: பல நூல்கள் என்றால் எந்த நூல்கள்? 'மேற்கோள் தேவை' என்று குறி போடுகிறார். முதலாமவருக்குக் கோபம் வருகிறது. வரட்டும். மூன்றாமவர் ஒரு நூலகர். அவர் அமெரிக்கப் பாடநூல் ஒன்றைப் புரட்டிவிட்டு உரையாடல் பக்கத்தில் எழுதுகிறார்: கிங்ஸ் கல்லூரி, அதாவது இன்றைய கொலம்பியா பல்கலைக்கழகம், 1758இல் தன் பட்டமளிப்பு விழாச் செய்தியை எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பியதாக அதே துறையின் நூலிலேயே இருக்கிறதே!

1758 எங்கே, 1906 எங்கே? நடுவில் ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டு.

நான்காமவர் இன்னும் கிட்டத்தில் இருக்கும் ஒன்றைக் கொண்டுவருகிறார். 1900இல் பாஸ்டன் நகரில் 'பப்ளிசிட்டி பியூரோ' என்ற நிறுவனம் தொடங்கப்படுகிறது. ரயில் நிறுவனங்கள் தங்கள்மேல் வரவிருந்த கட்டுப்பாட்டுச் சட்டத்தை எதிர்க்க அதை அமர்த்திக்கொள்கின்றன. பியூரோ, செய்தி போலவே எழுதிய சரக்கை ஊர் ஊராகப் பத்திரிகைகளுக்கு அனுப்புகிறது. எந்த ஆசிரியர் எப்படிப்பட்டவர் என்று அட்டைகளில் குறித்து அடுக்கி வைத்திருக்கிறது. இதையெல்லாம் ரே ஸ்டானர்ட் பேக்கர் என்ற பத்திரிகையாளர் மெக்லூர்ஸ் இதழில் எழுதி அம்பலப்படுத்தினார். எப்போது? 1906 தொடக்கத்தில். அட்லாண்டிக் சிட்டி ரயில் நீரில் விழுவதற்குப் பல மாதங்கள் முன்பு!

பார்த்தீர்களா? ஐவி லீயின் கதையில் ரயில் நிறுவனம் உண்மையைத் திறந்து சொல்கிறது. பேக்கரின் கதையில் அதே காலத்து ரயில் நிறுவனங்கள் காசு கொடுத்துப் பொதுக்கருத்தை உருவாக்குகின்றன. ஒரே ஆண்டு, ஒரே தொழில், இரண்டு முகம். ஒருவராக எழுதியிருந்தால் ஒரு முகத்தோடு நின்றிருப்பார். நாலு பேர் வந்ததால் இரண்டும் கிடைத்தன. இப்போது நம் வாக்கியம் என்ன ஆகியிருக்கிறது? 'அட்லாண்டிக் சிட்டி ரயில் விபத்தையொட்டி 1906 அக்டோபரில் ஐவி லீ வெளியிட்ட அறிக்கையை முதல் செய்தி வெளியீடாகக் கருதும் வழக்கம் மக்கள் தொடர்புத் துறையில் உண்டு. எனினும் பத்திரிகைகளுக்கு எழுதி அனுப்பும் முறை அதற்கு முன்பே இருந்தது' என்று தொடங்கி ஒரு பத்தியாகிவிட்டது. முதல் வாக்கியத்தின் கம்பீரம் போய்விட்டது, ஒப்புக்கொள்கிறேன். மேடையில் பேசுவதற்குப் பழைய வாக்கியம்தான் வசதி. ஆனால் பள்ளிப் பிள்ளை ஒருத்தி படிப்பதற்கு எது தகும்?

லீயை அங்கேயே விட்டுவிடவும் கூடாது. 1914இல் கொலராடோ மாநிலத்தின் லட்லோவில், வேலைநிறுத்தம் செய்த சுரங்கத் தொழிலாளர்களின் கூடாரங்கள் தாக்கப்பட்டு எரிந்தன. பெண்களும் குழந்தைகளும் இறந்தார்கள். சுரங்க நிறுவனம் ராக்பெல்லர் குடும்பத்தினுடையது. அவர்களுக்காக வெளியீடுகளை எழுதித் தள்ளியவர் அதே ஐவி லீ. தொழிற்சங்கத் தலைவர்கள் வாங்கிய ஊதியத்தைப் பல மடங்காகக் காட்டிய தவறான கணக்கு அவற்றில் இருந்தது. எழுத்தாளர் அப்டன் சின்கிளேர் அவருக்கு 'நச்சுக்கொடி' என்ற பொருள்படும் பட்டப்பெயரே வைத்துவிட்டார். வரலாற்றுப் பிரிவில் 1906 இருந்து, 1914 இல்லையென்றால், அந்தக் கட்டுரையில் பிழை என்று ஒரு வரியைக்கூடச் சுட்ட முடியாது. இருக்கும் வரி எல்லாம் சரி. ஆனால் கட்டுரை சாய்ந்திருக்கிறது. சான்று கேட்பது மட்டும் போதாது, யாருடைய சான்று வரவே இல்லை என்று கேட்பதும் நம் வேலைதான்.

அடுத்தது சின்ன விஷயம், ஆனால் கைமேல் பலன் தருவது. நம் வரைவைத் திறந்து, தேடும் பெட்டியில் 'வேண்டும்' என்று தட்டிப்பாருங்கள். 'தலைப்பு கவர்ச்சியாக இருக்க வேண்டும்.' 'முதல் பத்தியிலேயே யார், எப்போது, எங்கே என்பது வந்துவிட வேண்டும்.' 'தொடர்பு எண் கொடுக்க வேண்டும்.' இது கலைக்களஞ்சியமா, டியூஷன் சென்டர் கையேடா? ஒரு பொருளைப் பற்றிச் சொல்வது வேறு, அதைச் செய்யக் கற்றுக்கொடுப்பது வேறு. 'வேண்டும்' வரும் இடத்தில் எல்லாம் நிறுத்திக் கேளுங்கள்: யார் சொன்னது, வேண்டும் என்று? 'அமெரிக்கச் செய்தி வெளியீடுகளின் மேலே உடனடி வெளியீட்டுக்கு என்று குறிப்பதும், முடிவில் மூன்று ஹேஷ் குறிகளோ 30 என்ற எண்ணோ இடுவதும் வழக்கம்' என்று எழுதினால் அது தகவல். 'இட வேண்டும்' என்று எழுதினால் அது அறிவுரை. ஒரு வினைமுற்றை மாற்றினால் கட்டுரையின் குணமே மாறுகிறது. மாற்ற முடியாத வாக்கியங்களை எடுத்துவிடுங்கள். எடுப்பதும் பங்களிப்புத்தான். எத்தனை பைட் சேர்த்தோம் என்று மார்தட்டும் பழக்கம் நம்மிடம் கொஞ்சம் இருக்கிறது. கழித்த பைட்டுக்கு யாரும் பதக்கம் கொடுப்பதில்லை. இது எனக்கு நெடுநாள் குறை.

இனி, இந்தக் கட்டுரைக்கு யார் யார் வருவார்கள் என்று பார்ப்போம். ஏரியைப் பற்றி ஒரு கட்டுரை இருந்தால் ஏரி வந்து அதைத் திருத்தாது. செய்தி வெளியீடு பற்றிய கட்டுரைக்கு, செய்தி வெளியீடு எழுதிப் பிழைப்பவர்கள் வருவார்கள். எழுதத் தெரிந்தவர்கள், நேரம் உள்ளவர்கள், சம்பளமும் வாங்குகிறவர்கள். அவர்களில் சிலர் தங்கள் நிறுவனத்துக்கு ஓர் இணைப்பைச் சொருகிவிட்டுப் போவார்கள். அப்படிச் சொருகினால் தேடுபொறியில் மேலே வரலாம் என்ற நப்பாசை. ஆங்கில விக்கிப்பீடியா 2007 ஜனவரியிலேயே வெளி இணைப்புகளைத் தேடுபொறிகள் கணக்கில் கொள்ளாதபடி குறியிட்டுவிட்டது. இருந்தும் ஆசை யாரை விட்டது?

பெரிய அளவிலும் நடந்திருக்கிறது. லண்டனின் பெல் பாட்டிங்கர் என்ற மக்கள் தொடர்பு நிறுவனம் தன் வாடிக்கையாளர்களைப் பற்றிய விக்கிப்பீடியாப் பக்கங்களில் கைவைத்தது 2011 டிசம்பரில் வெளிச்சத்துக்கு வந்தது. அந்தக் கணக்குகள் முடக்கப்பட்டன. 2014 ஜூனில் விக்கிமீடியா அறக்கட்டளை தன் பயன்பாட்டு விதியையே மாற்றியது: காசு வாங்கிக்கொண்டு தொகுப்பவர், யாருக்காகத் தொகுக்கிறார் என்பதை வெளியே சொல்லியாக வேண்டும். அதே மாதம் பெரிய மக்கள் தொடர்பு நிறுவனங்கள் சில ஒன்றுசேர்ந்து, இனி விக்கிப்பீடியாவின் விதிகளை மதித்து நடப்போம் என்று அறிவித்தன. அந்த வாக்குறுதியும் ஓர் அறிக்கையாகத்தான் வெளிவந்தது என்பதை ரசிக்காமல் இருக்க முடியவில்லை.

அப்படியானால் அவர்களை வாசலிலேயே நிறுத்திவிடலாமா? கூடாது. ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். உரையாடல் பக்கம். ஓய்வுபெற்ற மக்கள் தொடர்பு அலுவலர், அதாவது பி.ஆர்.ஓ., ஒருவர் எழுதுகிறார்: "வணக்கம். நான் இந்தத் தொழிலில் இருந்தவன், அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கட்டுரை முழுவதும் எங்களை விளம்பரக்காரர்கள்போல் காட்டுகிறது. வெள்ளம் வந்தபோது எந்த அணையில் எவ்வளவு நீர் திறக்கிறார்கள் என்று ராத்திரி இரண்டு மணிக்கு உட்கார்ந்து எழுதி அனுப்பியதும் செய்தி வெளியீடுதான். அது எங்கே?" இதழியல் மாணவர் ஒருவர் பதில் எழுதுகிறார்: "ஐயா, நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அதை உங்கள் அனுபவமாக இங்கே போட முடியாது. பேரிடர்க் காலத்தில் அரசு வெளியீடுகள் பயன்பட்டது பற்றி யாராவது எழுதியிருக்கிறார்களா?" பெரியவர் சலிப்போடு எழுதுகிறார்: "தம்பி, செய்தவனே சொல்கிறேன், போதாதா?"

போதாது. கேட்கக் கசப்பாகத்தான் இருக்கிறது. செய்தவரே சொன்னாலும் போதாது என்பது இந்த வீட்டின் சட்டம். ஆனால் பெரியவர் கேட்ட கேள்வி போகவில்லை, பக்கத்திலேயே நிற்கிறது. நாளைக்கு ஆய்வேட்டோடு வருகிற ஒருவர் அதைப் பார்ப்பார், அந்த இடத்தை நிரப்புவார். ஊர் கூடித் தேர் இழுப்பது என்பார்கள். அங்கே வடம் ஒரு பக்கம்தான் இருக்கிறது. இங்கே ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள், அந்த இழுவிசையில்தான் தேர் நடுத்தெருவில் போகிறது. இழுக்கிறேன் என்று வம்பு செய்தால் அதற்கும் கட்டு உண்டு: ஆங்கில விக்கிப்பீடியாவில் ஒரே பக்கத்தை 24 மணி நேரத்தில் மூன்று முறைக்குமேல் மீளமைத்தால் தடைக்கு ஆளாக நேரும். பெரிய பிணக்கு என்றால் நமக்கு ஆலமரத்தடி இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியாவில் பொதுப்பேச்சு நடக்கும் பக்கத்துக்கு அந்தப் பெயர் வைத்தவர் யாரோ, ஊரறிந்தவர்.

அப்படியானால் செய்தி வெளியீட்டைச் சான்றாகப் பயன்படுத்தவே கூடாதா? இதில் நம்மில் பலர் தீவிரவாதிகளாகிவிடுகிறோம். ஒரு நிறுவனம் இன்ன தேதியில் இன்னாரைத் தலைமைப் பொறுப்பில் அமர்த்தியது என்பதற்கு அந்த நிறுவனத்தின் வெளியீட்டைவிட நேரான சான்று என்ன? தாராளமாகக் காட்டலாம். அதே தாளில் 'நாட்டின் முன்னணி நிறுவனம்' என்று இருந்தால், அதைத் தொடக் கூடாது. அந்தத் தாள் வெளிவந்தது என்பதற்காக நிறுவனத்துக்குத் தனிக் கட்டுரை எழுதிவிடவும் கூடாது. பத்து பத்திரிகைகள் அதே தாளை வரி மாறாமல் அச்சிட்டிருந்தால் அவை பத்துச் சான்றுகள் ஆகுமா? ஆகாது, ஒரே சான்றுதான். ஒரே குரல் பத்து ஒலிபெருக்கியில் கேட்கிறது.

அந்தக் குரல் திருட்டுக் குரலாகவும் இருக்கலாம். 2000 ஆகஸ்ட் 25. கலிபோர்னியாவின் எமுலெக்ஸ் நிறுவனம் பற்றி ஒரு செய்தி வெளியீடு. தலைமை நிர்வாகி விலகிவிட்டார், கணக்கில் கோளாறு, பங்குச் சந்தை ஒழுங்காணையம் விசாரிக்கிறது. 'இன்டர்நெட் வயர்' என்ற விநியோக நிறுவனம் வழியாக அது வெளிவந்தது. பெரிய நிதிச் செய்தி நிறுவனங்களும் எடுத்துப் போட்டன. பங்கு விலை கொஞ்ச நேரத்தில் 60 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்தது. இருநூறு கோடி டாலருக்கும் அதிகமான சந்தை மதிப்பு காற்றில் போயிற்று. எல்லாமே பொய். எழுதியவர், அந்த விநியோக நிறுவனத்தில் முன்பு வேலை பார்த்த ஓர் இளைஞர். பங்கு விலை இறங்கினால் அவருக்கு ஆதாயம். அந்தத் தாளில் வடிவம் பிசகவில்லை. நாள் இருந்தது, ஊர் இருந்தது. யார் சொன்னது என்பதற்குப் பதிலும் இருந்தது, அந்தப் பதில்தான் பொய். 2016 நவம்பரில் பிரெஞ்சுக் கட்டுமான நிறுவனமான வின்சிக்கு இதே கதி. போலி வெளியீட்டைச் சரிபார்க்காமல் வெளியிட்டதற்காக ப்ளூம்பெர்க் நிறுவனத்துக்கு பிரெஞ்சுச் சந்தை ஆணையம் 2019இல் 50 லட்சம் யூரோ அபராதம் போட்டது. மேல்முறையீட்டில் அது குறைந்தது. இந்த இரண்டு நிகழ்ச்சியும் நம் வரைவில் இன்னும் வரவில்லை.

பத்திரிகைகளை மட்டும் குற்றம் சொல்லிவிட்டு நாம் நகர்ந்துவிட முடியுமா? 2009 மார்ச்சில் இசையமைப்பாளர் மோரிஸ் ஜார் காலமானார். 'லாரன்ஸ் ஆஃப் அரேபியா'வுக்கு இசையமைத்தவர். டப்ளின் நகர மாணவர் ஒருவர், சோதித்துப் பார்ப்பதற்காக, அவர் சொன்னதாக ஒரு பொய் மேற்கோளை விக்கிப்பீடியாவில் போட்டார். சான்று இல்லை என்று நம் ஆட்கள் அதை நீக்கினார்கள். மறுபடி போட்டார், மறுபடி நீக்கினார்கள். நம் பக்கம் வேலை நடந்திருக்கிறது. ஆனால் நடுவே அது இருந்த நேரத்தில் பல நாட்டுப் பத்திரிகைகள் அதை எடுத்து அஞ்சலிக் குறிப்பில் அச்சிட்டுவிட்டன, லண்டன் கார்டியன் உட்பட. மாணவரே எழுதிச் சொல்லும் வரை யாருக்கும் தெரியவில்லை. அந்த அச்சு நறுக்குகளைக் காட்டி அதே மேற்கோளை மீண்டும் விக்கிப்பீடியாவில் சேர்த்திருந்தால்? அப்போது யார் சொன்னது என்று கேட்டால், நாமே சொன்னதை நமக்கே சான்றாகக் காட்டியிருப்போம்.

இனி நம் ஊருக்கு வருகிறேன். இந்தத் தலைப்பில் தமிழில் எழுதும்போது ஆங்கிலக் கட்டுரையை வரிக்கு வரி பெயர்த்துவைக்கும் சபலம் வரும். அப்படிச் செய்தால் பென்சில்வேனியா இருக்கும், பாஸ்டன் இருக்கும். புது தில்லி இராது, கொழும்பு இராது. இந்திய அரசின் பத்திரிகைத் தகவல் அலுவலகம் 1919 ஜூனில், ஆங்கிலேயர் ஆட்சியில், சிம்லாவில் உள்துறையின் கீழ் ஒரு சிறு பிரிவாகத் தொடங்கியது. 1906லிருந்து எண்ணினால் 13 ஆண்டுதான். உலகப்போர் முடிந்த மறு ஆண்டு, ஜாலியன்வாலாபாக் நடந்த சில வாரங்களில், ஓர் அரசு பத்திரிகைகளுக்குச் செய்தி சொல்ல அலுவலகம் திறக்கிறது என்றால், அது ஒரு பத்திக்காவது தகும் இல்லையா? இலங்கையில் அரசாங்கத் தகவல் திணைக்களம் இருக்கிறது; அங்குள்ள நண்பர்கள் அதை எழுத வேண்டும், நான் எழுதினால் அரைகுறையாக இருக்கும்.

தமிழ் சினிமாவை விட்டுவிட்டால் இந்த அவை என்னை மன்னிக்காது. 1958இல் வெளிவந்த 'நாடோடி மன்னன்' படத்துக்குப் பத்திரிகைத் தொடர்பைக் கவனித்த பிலிம் நியூஸ் ஆனந்தன்தான் தமிழ்த் திரையுலகின் முதல் பி.ஆர்.ஓ. என்று எல்லாரும் எழுதுகிறார்கள். நம் வரைவிலும் அப்படியே இருக்கிறது. படங்களையும் தகவல்களையும் வாழ்நாள் முழுவதும் சேர்த்து வைத்த மனிதர், அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனாலும் ஐவி லீக்கு ஒரு நியாயம், நம்மவருக்கு ஒரு நியாயமா? 'முதல்' என்று யார் சொன்னது? அவரே பேட்டியில் சொன்னதா, அந்தக் காலத்துப் பத்திரிகையில் இருக்கிறதா, அதற்கு முன் ஸ்டுடியோக்களில் இந்த வேலையை யார் பார்த்தார்கள்? பழைய சினிமா இதழ்கள் நூலகங்களில் இருக்கின்றன. போய்ப் பார்த்துவிட்டு வந்து எழுதுங்கள். முதல் என்பது உறுதியானால் எனக்கு மகிழ்ச்சிதான்.

கூடி எழுதுவது நமக்குப் புதிதல்ல. தமிழ் வளர்ச்சிக் கழகத்தின் கலைக்களஞ்சியம், பெ. தூரன் தலைமையில், 1954 முதல் 1968 வரை பத்துத் தொகுதிகளாக வந்தது. எத்தனையோ அறிஞர்கள் எழுதினார்கள். அதில் ஒரு வாக்கியம் ஏன் மாறியது, யார் மறுத்தார்கள் என்பது நமக்குத் தெரிய வழியில்லை. அச்சான பக்கம் மட்டுமே கையில் இருக்கிறது. தமிழ் விக்கிப்பீடியா 2003இல் தொடங்கியது. தொடக்க ஆண்டுகளில் அதைத் தூக்கி நிறுத்திய இ. மயூரநாதன் அவர்கள் அன்று எழுதிய முதல் வரிகளைக்கூட, 'வரலாற்றைக் காட்டவும்' என்பதை அழுத்தினால் இன்றும் பார்க்கலாம். அதற்குமேல் யார் எதைச் சேர்த்தார், எதை அடித்தார், என்ன காரணம் சொன்னார் என்பது நிமிடக் கணக்கோடு இருக்கிறது. செய்தி வெளியீட்டுக்கு இப்படி ஒரு பொத்தான் கிடையாது. அதன் முதல் வரைவில் என்ன இருந்தது, வக்கீல் எந்த வரியை எடுக்கச் சொன்னார், முதலாளி எந்தப் பெயரைச் சேர்க்கச் சொன்னார் என்பது வெளியே வரவே வராது.

தேநீர் வந்துவிட்டது என்று அமைப்பாளர் கையைக் காட்டுகிறார். அதற்குப் பிறகு பயிற்சி அமர்வு. வேலையைப் பிரித்துச் சொல்லிவிட்டு இறங்குகிறேன். நூலகர்கள் 1758 கிங்ஸ் கல்லூரிச் செய்திக்குப் பாடநூலின் பக்க எண்ணைத் தேடித் தாருங்கள். இரண்டாமாண்டு மாணவர்கள் எமுலெக்ஸ், வின்சி இரண்டையும் ஒரே பத்தியில் எழுதுங்கள். அதற்கு மேல் வேண்டாம். 'வேண்டும்' களையெடுப்பு முதலாமாண்டுக்கு. கட்டுரைக்குப் படம் இல்லை: நாசா 1969 ஜூலை 6 தேதியிட்டு வெளியிட்ட அப்பல்லோ 11 செய்தித் தொகுப்பு இருக்கிறது, வெளியீட்டு எண் 69-83கே. அமெரிக்கக் கூட்டரசின் ஆவணம், காப்புரிமைத் தொல்லை இல்லை. அதன் முதல் பக்கத்தை யாராவது பதிவேற்றுங்கள். இந்திய அரசு வெளியீடு போட ஆசைப்பட்டால் 60 ஆண்டு கடந்ததாகப் பார்த்து எடுங்கள். மக்கள் தொடர்புத் துறையில் வேலை பார்ப்பவர்கள் இங்கே இரண்டு மூன்று பேர் இருக்கிறீர்கள்; உங்கள் பயனர் பக்கத்தில் அதை ஒரு வரி எழுதிவிட்டு, நேரே உரையாடல் பக்கத்துக்கு வாருங்கள். லட்லோ பத்தியை நான் எழுதி வைக்கிறேன், நீங்கள் அடித்துத் திருத்துங்கள். அருஞ்சொல் சந்தேகம், விதிச் சந்தேகம் எல்லாவற்றுக்கும் பின்வரிசையில் விக்கிப்பீடிய நண்பர்கள் இருக்கிறார்கள். கடவுச்சொல்லை மறந்தவர்கள் மட்டும் தேநீருக்கு முன்பே என்னிடம் வந்துவிடுங்கள்.